திருவிழா இல்லாத மாதங்கள்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ராட்டினத்தின் வருடம் கார்த்திகையில் தொடங்குகிறது. நவம்பர் 24-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் கோயிலில் கொடி ஏறும். டிசம்பர் 3 வரை திருவிழா. பிறகு சுசீந்திரத்தில் மார்கழி, நாகர்கோவில் நாகராஜா கோயிலில் தை, மண்டைக்காட்டில் மாசிக் கொடை, கொல்லங்கோட்டில் மீன பரணித் தூக்கம். பள்ளிக்கூடம் அடைத்ததும் பொருட்காட்சி. அதோடு சரி. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் காற்று திரண்டு வரும்போது பெரிய ராட்டினம் எதுவும் நிமிர்ந்து நிற்பதில்லை. பிரித்து, கட்டி, தார்ப்பாய் போட்டுக் கிடக்கும். அந்த மாதங்களைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள்.

*

பிரித்துப் போட்ட ராட்டினத்தில் பார்க்க நிறைய இருக்கிறது. ஓடும்போது விளக்குதான் தெரியும், சத்தம்தான் கேட்கும். படுத்துக் கிடக்கும்போதுதான் அது குழாய், தகடு, பின், போல்ட், பேரிங் என்று தெரிகிறது. எத்தனை இடத்தில் வெல்டிங் வைத்திருக்கிறது, எந்தத் துளை வட்டம் இழந்து நீள்வட்டமாகிவிட்டது, எந்தக் கை ஒருமுறை வளைந்து நிமிர்த்தப்பட்டது எல்லாம் தெரிகிறது.

ஊர்ஊராகப் போகும் ராட்டினத்துக்குப் பூங்காவில் நிலையாக நிற்கும் ராட்டினத்தைவிட வேகமாக வயதாகிறது. சுற்றுவதால் வரும் தேய்மானம் இரண்டுக்கும் உண்டு. இதற்கு அதோடு பூட்டிப் பிரிக்கும் தேய்மானமும் சேர்கிறது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் பின்னை அடித்து இறக்கவேண்டும், திருவிழா முடிந்த இரவே அடித்து எடுக்கவேண்டும். மறுநாள் வேறு ஊரில் இடம் பிடித்தாக வேண்டும் என்பதால் அந்த இரவில் சம்மட்டிக்குப் பொறுமை இருக்காது. துளையின் விளிம்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மலர்கிறது. மலர்ந்த துளைக்குள் பின் ஆடும். ஆடுகிற பின் துளையை இன்னும் தின்னும்.

*

டிராகன் ரயிலின் தலை ஒன்று சாய்த்து வைத்திருந்தது. ஃபைபர் தலை. உடைந்த மூக்கு ஓரத்தில் பச்சைச் சாயத்துக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் சிவப்பு. பெட்டிகளின் பக்கங்களில் சோட்டா பீம் இருந்தான். அவனுக்கு முன்னால் இருந்த டோரேமானின் மீசை மட்டும் ஓரிடத்தில் மிச்சமிருந்தது.

முகம் மாற்றுவதை நான் ஏமாற்று என்று நினைக்கவில்லை. போன வருடம் ஏறிய பிள்ளை இந்த வருடமும் வருகிறது. அதே இரும்பு, அதே வட்டம், அதே மூன்று நிமிடம். புதிதாக ஒன்று பார்க்கத் தர வேண்டாமா? பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர்களின் கையிலிருந்து ஃபிளெக்ஸ் தூரிகையைப் பிடுங்கிய பிறகு, அவர்களில் சிலருக்குச் சோறு போட்டது இந்தக் குதிரைகளும் டிராகன்களும்தான். டிராகனின் கண்ணுக்குள் வெள்ளைப் புள்ளி வைக்கும் கை ஒரு காலத்தில் சினிமா தியேட்டருக்கு முகம் வரைந்த கையாக இருக்கலாம். அந்த வேலைக்கு என் மரியாதை உண்டு.

ஆனால் காசு முதலில் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும். புது முகத்துக்குச் செலவழித்தது அன்று மாலையே டிக்கெட்டில் தெரியும். புது பேரிங்குக்குச் செலவழித்தது யார் கண்ணிலும் படாது. எதுவும் நடக்காமல் போனதுதான் அதற்குக் கிடைக்கும் வருமானம்.

*

வடசேரிப் பக்கம் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வெல்டர். ராட்டினம், லாரி, கோயில் வாகன வண்டி, எல்லாவற்றையும் பார்த்தவர்.

"அண்ணாச்சி, வருஷா வருஷம் பெயின்ட் அடிச்சா இரும்புக்கு நல்லதுதானே?"

"எப்பிடி அடிக்கான்னு இருக்குல்லா தம்பி. சொரண்டிப் பாத்துட்டு அடிச்சா நல்லது. அப்பிடியே மேல அடிச்சா, காச்சக்காரனுக்கு புதுச்சட்டை போட்டுவிட்ட கணக்குதான்."

அவர் சொன்னதன் விவரம் இது. இரும்பில் விரிசல் பெரும்பாலும் வெல்டிங் முடிகிற ஓரத்தில்தான் பிறக்கும். சுற்றும்போது ஒவ்வொரு கையும் ஒருமுறை இழுபடும், ஒருமுறை அமுங்கும். பாரம் அதிகமில்லாவிட்டாலும், இப்படி மாறிமாறி வருவது லட்சக்கணக்கான தடவை ஆனால் இரும்பு சோர்ந்துபோகும். தொடக்கத்தில் தலைமுடி அளவுக் கோடு. பழைய சாயமாக இருந்தால் அந்த இடத்தில் சாயம் பிளந்து, துரு ஒரு மெல்லிய செங்கோடாகக் கசியும். கண் பழகியவனுக்கு அது போதும். திருவிழாவுக்கு முந்தின வாரம் பட்டி பார்த்துப் புதுச் சாயம் ஏற்றினால் அந்தச் செங்கோடு மறைந்துவிடும். இருந்த ஒரே அடையாளமும் போயிற்று. அந்த வருடம் முழுக்க ராட்டினம் பளபளவென்று ஓடும்.

அவருடைய முறை பழையது. சந்தேகப்படும் இடத்தை வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டுவார். மண்ணெண்ணெய் தடவி ஊறவிடுவார். நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்பை மெல்லிசாகப் பூசுவார். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் திரும்பிக் கசிந்து வெள்ளையில் கறுப்புக் கோடு விழும். இன்று இதையே சிவப்புச் சாயமும் வெள்ளைத் தெளிப்பானுமாகக் குப்பிகளில் விற்கிறார்கள். ஒலி அலையால் பார்க்கும் கருவியும் இருக்கிறது. ஆனால் எண்ணெயோ குப்பிச் சாயமோ விரிசலுக்குள் புகவேண்டுமானால் முதலில் பழைய சாயத்தை எடுத்தாக வேண்டும், அதற்கு நேரம் வேண்டும்.

*

மண்டைக்காட்டில் கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்று இரவெல்லாம் வரும். குழாயின் வெளிப்புறத்துக்குச் சாயம் உண்டு, உட்புறத்துக்கு எதுவும் இல்லை. திறந்த வாய்வழி உப்பும் ஈரமும் போய்த் தங்கும். உள்ளிருந்து துரு தின்பதை வெளியே நின்று பார்க்க முடியாது. சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பதுதான் பட்டறை வழி. உறுதியான குழாய் கணீரென்கும், அரித்த இடம் சொத்தென்று விழும்.

கன்னியாகுமரியில் 133 அடி உயர வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1-இல் திறக்கப்பட்டது. சிலை கருங்கல். அதற்கே சில வருடங்களுக்கு ஒருமுறை சாரம் கட்டி ஏறி, காகிதக்கூழை அப்பி உப்பை உறிஞ்சி எடுத்து, கழுவி, பாலிசிலிகான் பூச்சுப் பூசுகிறார்கள். அந்த மாதங்களில் படகில் போகிறவர்களுக்குச் சிலை சாரத்துக்குள் நிற்கும். முகம் தெரியவில்லையே என்று வருத்தப்படுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தச் சாரம் பிடிக்கும். கல்லுக்கு இவ்வளவு வேண்டுமென்றால் மூன்று மில்லிமீட்டர் குழாய்க்கு எவ்வளவு வேண்டும்?

*

மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள் சுசீந்திரத்தில் தேர். நாம் அண்ணாந்து பார்ப்பது அலங்காரம்: துணி, தொம்பை, குடை, தோரணம். அது வருடாவருடம் கட்டிப் பிரிப்பது. அடிப்பாகம், அச்சு, சக்கரம் நிலையானவை. ஆயுளும் ஆபத்தும் அங்கேதான். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி. அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. இரும்புச் சக்கரம் வந்ததால் தேர் பழசாகவில்லை, புதுசும் ஆகவில்லை. ஓடுகிறது. தேரின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள், தனித்தனி முறை இருக்கிறது. அலங்காரம் செய்பவர் அச்சைத் தொடுவதில்லை. முட்டுக்கட்டை போடுபவருக்குத் தோரணத்தைப் பற்றிக் கவலை இல்லை. ராட்டினத்தில் இரண்டையும் ஒரே ஆள், ஒரே வாரத்தில், ஒரே பணத்தில் செய்யவேண்டியிருக்கிறது.

*

வியன்னாவில் 1897-இல் எழுப்பிய பெரிய ராட்டினம் ஒன்று இன்னும் சுற்றுகிறது. முதலில் 30 பெட்டிகள். இரண்டாம் உலகப்போரில் தீப்பிடித்துப் பெட்டிகளெல்லாம் எரிந்துபோயின. 1947-இல் திரும்ப ஓட்டியபோது 15 பெட்டிகளை மட்டும் மாட்டினார்கள். தீயில் வெந்த சட்டம் முழுப் பாரத்தையும் தாங்குமா என்ற கவலை அவர்களுக்கு. ஒன்றுவிட்டு ஒன்றாக இடம் காலி. இன்றும் அப்படித்தான்.

இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து இது என்னை விடவில்லை. பாதி இருக்கை என்றால் பாதி வருமானம். போர் முடிந்து ஊரே இடிந்து கிடந்த காலத்தில் அதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வயதான இயந்திரத்துக்குச் செய்யக்கூடியவற்றில் மிகவும் கடினமானது இதுதான் என்று நினைக்கிறேன்: அது இப்போது எவ்வளவு தாங்கும் என்று கேட்டு, அதற்குமேல் ஏற்றாமல் இருப்பது. நம்மிடம் நடப்பது நேர்மாறு. வயது ஏற ஏறக் கூட்டுகிறோம். இருபது வருட ராட்டினத்தின் நடுவில் எல்இடி பலகை வைக்கிறோம், கைகளில் விளக்குச் சட்டம் சுற்றுகிறோம். முன்பு வெறும் இருக்கை இருந்த இடத்தில் ஃபைபர் வாத்து, ஃபைபர் ஹெலிகாப்டர். ஒவ்வொன்றும் சில கிலோதான். ஆனால் அந்தச் சில கிலோ சக்கரத்தின் விளிம்பில் தொங்குகிறது. காற்றுக்கு முன்பு வெறும் குழாய் எதிர்ப்பட்டது, இப்போது அகலமான முகம் எதிர்ப்படுகிறது. செய்த ஆள் போட்ட கணக்கில் இந்த வாத்து இல்லை.

ஓகி புயல் 2017 நவம்பர் 30-இல் இந்த மாவட்டத்தைத் தாக்கியது. கோட்டாறு திருவிழாவுக்குரிய நாட்கள் அவை. மழைதான் என்று நினைத்திருந்த ஊரில் ரப்பர் மரங்கள் முறிந்து விழுந்தன. கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அந்தத் துக்கத்தின் முன் ராட்டினம் ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் காற்றைப் பற்றி எழுதும்போது அந்தத் தேதியைத் தாண்டிப் போக என்னால் முடிவதில்லை.

*

பெரிய பூங்காக்களுக்கும் இதே சிக்கல், பணம்தான் வேறு. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் ஸ்பிளாஷ் மவுன்டன் என்றொரு நீர்ச்சறுக்கு இருந்தது. கலிபோர்னியாவில் 1989-இல் திறந்தது. கறுப்பின மக்களைக் காட்டிய விதத்துக்காகக் கண்டிக்கப்பட்ட 1946-ஆம் ஆண்டுப் படம் ஒன்றின் பாத்திரங்கள் அதில் இருந்தன. அந்த முகத்தை மாற்றத் தீர்மானித்தார்கள். புளோரிடாவில் 2023 ஜனவரியில் மூடி, 2024 ஜூனில் டிஸ்னி படத்து இளவரசி டியானாவின் (Tiana) கதையாகத் திறந்தார்கள். வாய்க்கால் அதே வாய்க்கால், கடைசியில் வயிற்றைக் கலக்கும் சரிவும் அதே சரிவு. முகம் மாற்றத்தான் வேண்டும் என்ற நியாயம் அங்கே இருந்தது. மாற்றியதும் சரி.

எனக்கு அதில் உறைத்தது, மூடி வைத்திருந்த அந்த ஒன்றரை வருடம். முகம் மாற்றும் காலம்தான் உடம்பைத் திறந்து பார்க்கவும் வாய்க்கும் காலம். நம் ஊர் ராட்டினத்துக்கு ஒன்றரை வருடம் கிடைக்காது. ஆனி, ஆடி கிடைக்கும்.

*

கொல்லங்கோட்டுத் தூக்கத்தை ராட்டினத்தோடு ஒரே மூச்சில் சொல்வது சரியில்லை. அது நேர்ச்சை. ஆனாலும் மரம், கயிறு, உயரம், குழந்தை நான்கும் அங்கே சேர்கின்றன. நீண்ட வில்மரங்கள் பூட்டிய வண்டி. தூக்கக்காரர்கள் இடுப்பில் துணி கட்டித் தொங்கியபடி, கைக்குழந்தைகளை ஏந்திக்கொண்டு உயரே போவார்கள். வண்டி கோயிலை வலம் வரும். கீழே தாய்மார் அண்ணாந்தபடி நடப்பார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒவ்வொரு முடிச்சையும் ஒருவர் தொட்டுப் பார்ப்பார், இன்னொருவர் திரும்பத் தொட்டுப் பார்ப்பார். பிள்ளை யாருடையது என்பது முடிச்சுப் போடுகிறவருக்குத் தெரியும். ராட்டினத்தில் ஏறும் பிள்ளையும் யாரோ ஒருத்தி நேர்ந்து பெற்றதாக இருக்கலாம்.

*

2016 மே மாதம் சென்னை கிஷ்கிந்தா பூங்காவில் ஊழியர்களை ஏற்றி ராட்டினம் ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது ஓர் இளைஞர் இறந்தார், பலருக்குக் காயம். 2019 ஜூனில் சென்னைக்கு அருகே குயின்ஸ்லேண்ட் பூங்காவில் உயரத்திலிருந்து இறங்கும் ராட்டினத்தின் இரும்புக் கயிறு அறுந்தது. இப்படி ஒன்று நடந்ததும் ஆய்வு வரும், சான்றிதழ் கேட்பார்கள். கொஞ்ச நாள் கழித்து எல்லாம் பழையபடி.

சான்றிதழ் பார்க்கும் நாள்தான் தவறான நாள் என்பது என் எண்ணம். திருவிழாவுக்கு முந்தின நாள், ராட்டினம் நிமிர்ந்து நிற்கும்போது, புதுச் சாயம் காயாத நிலையில் வந்து பார்த்தால் எதைப் பார்ப்பது? மோட்டார் ஓடுகிறதா, கம்பி ஒழுங்காக இருக்கிறதா, தீயணைப்புக் கருவி உண்டா. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். அதுவும் வேண்டியதுதான். ஆனால் விரிசல் பார்க்க வருகிறவர் ஆடியில் வரவேண்டும். பிரித்துக் கிடக்கும்போது, சாயம் சுரண்டிய பிறகு, புதுச் சாயத்துக்கு முன்பு. ஒவ்வொரு கைக்கும் எண் குத்தி, எந்த வருடம் எங்கே வெல்டிங் வைத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த ஆடியில் எங்கே முதலில் சுரண்டவேண்டும் என்று தெரிந்துவிடும்.

ராட்டினக்காரரின் நிலையும் லேசல்ல. திருவிழா மைதானம் ஏலத்துக்குப் போகிறது. இடத்துக்கே பெரும் தொகை கட்டிவிட்டு வருகிறார். மூன்று நாள் மழை பெய்தால் வட்டிக்கு வாங்கியது வட்டியோடு நிற்கும். அவரிடம் போய் பாதி இருக்கையைக் கழற்று என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏலத் தொகையில் ஒரு பங்கை ஆடி மாதச் சோதனைக்கு ஒதுக்கும்படி மைதானம் குத்தகைக்கு விடுகிறவர்களிடம் கேட்கலாம். ஊராட்சியானாலும் கோயிலானாலும் அவர்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது.

வடசேரிப் பெரியவரிடம் கடைசியாக இதைத்தான் கேட்டேன். ஒரு ராட்டினம் முழுக்கச் சுரண்டிச் சோதித்துச் சாயம் ஏற்ற எத்தனை நாள் ஆகும்?

"ரெண்டு பயக்க நின்னா இருவது நாளு. மழை இல்லேன்னா."