கடைசித் தாள்தான் உண்மைத் தாளா?

ஒரே கட்டுமானத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரைபடக் கோப்புகள் சேர்ந்துவிட்டால் எதை நம்புவது என்ற கேள்விக்குப் பொறியியல் அலுவலகங்களில் தயாராக ஒரு விடை உண்டு: கடைசியாக வந்ததை. ரிவிஷன் எண் பெரிதாக உள்ள தாள், சிறிய எண்ணுள்ள தாளை ரத்து செய்துவிடும். பழையது வேறு ஃபோல்டருக்குப் போகும், இல்லையென்றால் அழிக்கப்படும். வெறும் அலுவலக நடைமுறையாகத் தோன்றும் இந்த விதிக்கு அடியில், இந்தியத் தத்துவ மரபினர் நூற்றாண்டுக்கணக்கில் வாதாடிய சிக்கல் ஒன்று கிடக்கிறது. பின்னால் வந்த அறிவு முன்னால் வந்த அறிவை எப்போது விலக்கும், எப்போது விலக்காது என்பதே அது.

கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் எல்லையோர அணைகளில் இந்தச் சிக்கல் கூர்மையாகத் தெரிகிறது. முல்லைப்பெரியாறு அணை இருப்பது இடுக்கி மாவட்டத்தில்; பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில். நான்கையும் பராமரிப்பது தமிழ்நாடு. முன்னதற்கு அடிப்படை, 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுடன் கையெழுத்தான 999 ஆண்டுக் குத்தகை. பின்னவற்றுக்கு அடிப்படை, 1970 மே 29 அன்று கையெழுத்தாகி 1958 நவம்பர் 9 முதல் செல்லுபடியான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம். இங்கே ஒரு தாளைக் கொத்தனாரும் மேஸ்திரியும் மட்டும் படிப்பதில்லை. இரு மாநிலப் பொறியாளர்கள், வல்லுநர் குழுக்கள், உச்ச நீதிமன்றம் வரை படிக்கிறார்கள். ஆகவே தாள் இங்கே கட்டளை மட்டுமல்ல, சாட்சியமும்கூட.

சாட்சியத்தை எடைபோடும் முறையைத் தமிழ் நூல்கள் அளவை என்ற தலைப்பில் பேசுகின்றன. சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றை முதன்மையாகக் கொள்கிறது. அணைக்கு முன் நிற்கும் பொறியாளருக்கு மூன்றும் வேண்டும். வெளிச்சுவர் கண்ணுக்குத் தெரியும், அது காண்டல். கசிவுநீரின் அளவையும், துளையிட்டு எடுத்த மாதிரியையும் வைத்து உள்ளே என்ன நிலை என்று ஊகிப்பது கருதல். 1887க்கும் 1895க்கும் இடையில், முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் காலத்தில், உள்ளே என்ன வைத்துக் கட்டினார்கள் என்பதற்கு வரைபடமும் குறிப்புகளும்தான் கதி, அது உரை. அணையின் வயது ஏற ஏற அதை முதலில் இருந்து பார்த்தவர்கள் மறைகிறார்கள், உரையின் பங்கு கூடுகிறது.

உரை என்ற பெயரில் வருவதெல்லாம் ஒரே தரமல்ல. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், சேரநாட்டு வஞ்சியில் பல சமயத்தாரிடம் மணிமேகலை வாதம் கேட்கிறாள். அங்கே அடுக்கப்படும் பத்து அளவைகளில் ஆகமம் வேறாகவும் ஐதிகம் வேறாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. ஆகமத்துக்குச் சொன்னவர் உண்டு, அவர் அறிவுடையவர் என்ற நம்பிக்கையும் உண்டு. ஐதிகம் ஊர்ப்பேச்சு, இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வதால் நம்புவது. டைட்டில் பிளாக் இல்லாத ட்ராயிங் இரண்டாம் வகையில்தான் சேரும். கோடுகள் நேர்த்தியாக இருக்கலாம், அளவுகள் மில்லிமீட்டர் சுத்தமாக இருக்கலாம். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர், தேதி ஆகிய நான்கும் இல்லையென்றால் அது மரத்துப் பேய்தான்.

கணினி வந்த பிறகு இந்த ஆபத்து கூடியிருக்கிறது. ட்ரேசிங் தாள் காலத்தில் மூலம் ஒன்று, பிரின்ட் பல. எது எது என்று தொட்டுப் பார்த்தாலே தெரியும். 1982 டிசம்பரில் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் விற்பனைக்கு வந்ததில் தொடங்கிய காலத்தில் மூலமும் நகலும் பைட்டுக்கு பைட்டு ஒன்றே. பென் டிரைவில் போன பிரதிக்கும் அலுவலக சர்வரில் இருக்கும் பிரதிக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாட்டைப் பெயரில் வைத்தால்தான் உண்டு. பெயர்களோ ‘பைனல்’, ‘பைனல் 2’, ‘சார் கரெக்ஷன்’ என்று போகின்றன. எந்த சார், எந்தக் கரெக்ஷன் என்பது அவர் மாறுதலாகிப் போன மறுநாளே ஐதிகமாகிவிடும். திட்டத்தின் சுருக்கப்பெயர், தாள் எண், ரிவிஷன் எழுத்து, நிலை ஆகிய நான்கும் ஒரே வரிசையில் வரும் பெயரே போதும். அதைவிட நீளமான பெயர்முறையை யாரும் பின்பற்றுவதில்லை.

கணினி தானாகப் போடும் தேதி இதற்கு உதவாது. ஒருவர் கோப்பைத் திறந்து, எதையும் தொடாமல், பழக்கதோஷத்தில் சேவ் செய்துவிட்டு மூடினாலும் மாற்றிய நேரம் இன்றைய நேரமாகிவிடும். 1990களில் வரைந்த கோப்பு நேற்று வரைந்ததைப் போல வரிசையின் உச்சிக்கு ஏறி உட்காரும். ஆட்டோகேடின் டி.டபிள்யூ.ஜி. கோப்பை நோட்பேடில் திறந்தால் முதல் ஆறு எழுத்துகளாக ஏசி1032 போன்ற ஒன்று தெரியும். அது மென்பொருள் வடிவத்தின் குறி. ஏசி1032 என்றால் 2018ஆம் ஆண்டு வடிவம். வரைபடத்தின் வயதை அது சொல்லாது. எப்போது சேமிக்கப்பட்டது, எந்த வடிவத்தில் சேமிக்கப்பட்டது, எப்போது உண்மையாக இருந்தது என்பவை மூன்று வேறு கேள்விகள்.

கையில் வந்த தாளை உடனே நம்பலாமா என்பதில் வேத விளக்க மரபினரான மீமாம்சகருக்கும் தர்க்க மரபினரான நையாயிகருக்கும் தீராத வழக்கு உண்டு. அறிவு தன்னளவிலேயே செல்லுபடியானது, மறுப்பு வரும்வரை நம்பலாம் என்பது மீமாம்சை. செல்லுபடி வெளியிலிருந்து வர வேண்டும், சோதித்த பிறகே நம்ப வேண்டும் என்பது நியாயம். அலுவலகங்கள் வாயால் நையாயிகர்கள், நடப்பில் மீமாம்சகர்கள். ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற கட்டத்தில் இனிஷியல் இருக்கும். அளவுகளை யாரும் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். எல்லாத் தாளையும் எல்லா நாளும் சோதிக்க முடியாது என்பதும் உண்மைதான். இதனால்தான் 2018இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 19650, கோப்புகளை வேலையில் உள்ளவை, பகிரப்பட்டவை, வெளியிடப்பட்டவை, காப்பகத்தில் உள்ளவை என்று நிலை பிரிக்கிறது. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும் வாசலில் நையாயிகராக இருந்துவிட்டால், உள்ளே மீமாம்சகராக இருப்பதில் பெரிய தவறில்லை.

பின்னது முன்னதை விலக்குமா என்ற மூலக் கேள்விக்கு மீமாம்சையில் இரண்டு நியாயங்கள், அதாவது விளக்க விதிகள், உண்டு. இரண்டும் எதிரெதிர். ஜோதிஷ்டோம வேள்வியில் புரோகிதர்கள் ஒருவர் ஆடையை மற்றவர் பிடித்துக்கொண்டு வரிசையாக நடப்பார்கள். அவர்களில் உத்காதா என்பவர் பிடியை விட்டுவிட்டால் தட்சிணை இல்லாமல் வேள்வியை முடித்து மறுபடி செய்ய வேண்டும். பிரதிஹர்த்தா என்பவர் விட்டுவிட்டால் சொத்து முழுவதையும் தானமாகக் கொடுக்க வேண்டும். இருவரும் அடுத்தடுத்து விட்டுவிட்டால் எந்தப் பரிகாரம்? பின்னால் நேர்ந்ததற்குரியது என்கிறது அபச்சேத நியாயம். மாறாக, ஒரே நூலின் தொடக்கமும் பின்பகுதியும் முரண்பட்டால் தொடக்கமே பொருளைத் தீர்மானிக்கும் என்கிறது உபக்கிரம நியாயம். ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலத்தில் பிறந்த அப்பைய தீட்சிதர் பதினாறாம் நூற்றாண்டில் இந்த இரண்டாவது பக்கத்துக்காக ‘உபக்கிரம பராக்கிரமம்’ என்று தனி நூலே எழுதினார்.

இரண்டு நியாயங்களுக்கும் எல்லை போடுவது சார்பு. இரண்டு நிகழ்வுகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால் பின்னது வெல்லும். பின்னது முன்னதைச் சார்ந்து நின்றால் முன்னதை விலக்க அதற்கு உரிமை இல்லை. அலுவலக விதியில் விடுபட்டுப் போனது இந்த நிபந்தனைதான்.

முல்லைப்பெரியாற்றில் இதை நேராகக் காணலாம். 1895இல் முடிந்த அணையின் முகப்புகள் கருங்கல் கட்டு, நடுவுடல் சுண்ணாம்பு சுர்க்கிக் கலவை. 1979க்குப் பிறகு நடந்த பலப்படுத்தும் பணியில் மேலே கான்கிரீட் தொப்பி வந்தது. பழைய உடல் வழியாகக் கம்பி வடங்களை அடிப்பாறை வரை இறக்கி இறுக்கினார்கள். பின்புறம் கான்கிரீட் அணைவு சேர்ந்தது. பலப்படுத்தும் பணியின் வரைபடம் காலத்தால் பிந்தியது. அதை வைத்து 1895இன் குறுக்குவெட்டுத் தாளை ரத்து என்று ஒதுக்க முடியுமா? வடம் ஊடுருவும் உடல் எதனால் ஆனது என்பதைச் சொல்வது பழைய தாள். அது போய்விட்டால் புதிய தாளில் வடம் எதற்குள் இறங்குகிறது என்றே தெரியாது. இது தீட்சிதர் கட்சி. அதே அணையில் உபரிநீர் மதகுகள் முதலில் பத்து; பின்னாளில் மூன்று சேர்ந்து இன்று பதின்மூன்று. வெள்ள நேரத்தில் பத்து என்று காட்டும் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் தவறான அளவு நீரைக் கணக்கிடுவார். இங்கே பின்னது வென்றே தீர வேண்டும். ஆக, ஒரே கட்டுமானத்தின் இரண்டு பழைய தாள்களில் ஒன்று காப்பகத்துக்குப் போகலாம், மற்றொன்று நடப்பு ஃபோல்டரிலேயே இருக்க வேண்டும்.

ஆட்டோகேடில் இந்தச் சார்பு எக்ஸ்ரெஃப் என்ற வடிவத்தில் கோப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அணைத் தள வரைபடம், நில அளவைக் கோப்பைத் தனக்குள் நகலெடுக்காமல் இணைப்பாக மட்டும் வைத்துக்கொள்ளும். அளவைக் கோப்பை யாராவது அதே பெயரில் திருத்தி மேலெழுதினால், ஒப்புதல் வாங்கிய தள வரைபடம் அடுத்த முறை திறக்கும்போது தானாகவே மாறியிருக்கும். ரிவிஷன் எண்ணும் கையொப்பமும் அப்படியே இருக்கும், உள்ளடக்கம் வேறாகிவிடும். பிழைகளில் இதுதான் மிக மோசமானது. பார்ப்பவருக்கு சந்தேகமே வராது. ஒப்புதல் பெறும் நாளில் இணைப்புகளைக் கோப்புக்குள்ளேயே சேர்த்து (பைண்ட் செய்து) ஒரு பிரதியையும், பி.டி.எஃப். ஒன்றையும் தனியே பூட்டி வைப்பதே இதற்கு மருந்து.

இன்னொரு பாகுபாடும் மீமாம்சையிலிருந்து கிடைக்கிறது. இப்படிச் செய் என்று ஏவும் வாக்கியம் வேறு, இப்படி இருக்கிறது என்று சொல்லும் வாக்கியம் வேறு. வடிவமைப்புத் தாள் ஏவல். கட்டி முடித்தபின் அளந்து வரைந்த தாள் செய்தி. கடைசி வடிவமைப்பு என்பது கடைசி விருப்பம் மட்டுமே, அதுபடிதான் கட்டினார்கள் என்பதற்கு உத்தரவாதமல்ல. ஏவலும் செய்தியும் வேறு என்பதற்கு முல்லைப்பெரியாற்றின் நீர்மட்ட எண்களே சான்று. வடிவமைப்பின் முழு மட்டம் 152 அடி. 1979இல் 136ஆகக் குறைக்கப்பட்டது. 2006இலும் பிறகு 2014 மே 7 தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றம் 142 அடியை அனுமதித்தது. 142 என்ற எண் 152ஐப் பொய்யாக்கவில்லை. ஒன்று கட்டுமானத்தின் இயல்பு பற்றியது, மற்றது எவ்வளவு தேக்கலாம் என்ற ஆணை. இரண்டையும் ஒரே லேயரில் ஒரே நிறத்தில் எழுதி வைப்பது குழப்பத்துக்கு வழி. பக்கத்திலுள்ள இடுக்கி அணையின் முழு மட்டம் 2,403 அடி என்று செய்திகளில் வரும். அது கடல்மட்டத்திலிருந்து எடுத்த கணக்கு. முல்லைப்பெரியாற்றின் 142 அப்படிப்பட்டதல்ல, அணையின் சொந்தக் கணக்கு. எந்த அடிமட்டத்திலிருந்து அளந்தது என்பதைத் தாளிலேயே எழுதாத எண் பாதி எண்தான். இடக்குறிப்பும் அப்படியே: யு.டி.எம். என்ற வரைபடக் கட்ட முறையில் முல்லைப்பெரியாறு 43ஆம் மண்டலத்தில் வருகிறது, அதன் நீர் பாயும் மேலூர் 44ஆம் மண்டலத்தில். மண்டலம் குறிக்காமல் இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்தால் கால்வாய் காட்டுக்குள் போய் நிற்கும்.

2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்றில் எதிர்எடைச் சங்கிலி அறுந்து, ஷட்டர் பிடுங்கிக்கொண்டு போனது. வினாடிக்குச் சுமார் இருபதாயிரம் கனஅடி நீர் சாலக்குடி ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. இப்படியொரு நாளில் புது ஷட்டருக்கு ஆர்டர் கொடுப்பவருக்கு வேண்டியது இன்று அங்கே நிற்கும் தூண்களுக்கு இடைப்பட்ட நிஜ அளவு, அதாவது ஏவல் தாள் அல்ல, செய்தி வகைத் தாள். அப்போது தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு பழுதுபார்ப்பும் முடிந்த வாரமே அளந்து வரைந்து வைத்திருக்க வேண்டும்.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு மாநிலத்தின் அணை இன்னொரு மாநில எல்லைக்குள் இருந்தால் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையமே அதற்குரிய பாதுகாப்பு அமைப்பாகும். மேலே சொன்ன நான்கு அணைகளும் இதில் அடங்கும். ஆணையத்தின் மேசைக்குப் போகும் தாளை யார் வரைந்தார் என்று கேட்டுச் சொல்ல அங்கே உள்ளூர் ஆள் யாரும் இருக்க மாட்டார். முல்லைப்பெரியாறு குத்தகையின் காலம் இன்னும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது, டி.டபிள்யூ.ஜி. வடிவத்துக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஆகவே ஒப்புதல் பெற்ற ஒவ்வொரு தாளுக்கும் காப்பகத்துக்கென்றே உள்ள பி.டி.எஃப். வடிவில் ஒரு பிரதியும், கையொப்பமிட்ட காகிதப் பிரதி ஒன்றும், எந்தப் பழைய தாளைச் சார்ந்தது என்ற ஒரு வரியும் இருந்தே ஆக வேண்டும்.