ஈவோர் பெயரேடும் எமது நோக்கமும்

அறச்செயல் ஒன்றைத் தொடங்கினோர் அதன்பொருட்டுப் பிறரிடம் பொருள் கேட்டல் தகுமா என்பது பழைய வினா. கொடுப்போர் இன்னார் என்று அறிதற்பொருட்டு, அவ்வறத்திற்கென வந்த பொருளில் ஒரு பகுதியைச் செலவிடுதல் தகுமா என்பது புதிய வினா. இப்புதிய வினா சென்ற ஆண்டு குருநகரிலுள்ள எமது சிறு சபையில் எழுந்தது. சைவாசிரியர் பலரும் தத்தம் ஊர்ச் சபைகளில் இதனை எதிர்கொள்ள நேருமாதலின், நாம் ஆராய்ந்தவற்றை இங்கே எழுதுகின்றோம்.

கத்தோலிக்கர் பெரும்பான்மையினராய் வாழும் இக்கடற்கரையூரில், எமது சபை மாலை வாசிப்பு வகுப்பொன்றும் ஞாயிறுதோறும் அறநெறி வகுப்பொன்றும் நடத்தி, வரும் பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சியும் வார்த்து வருகின்றது. பொருளோ ஆண்டுதோறும் குறைந்தது. அப்போது, எமது மாணாக்கராயிருந்து இப்போது காரியதரிசியாயுள்ள இளைஞர், உலகிலுள்ள தரும நிதியங்களின் பெயர், நோக்கம், கொடுக்குந் தொகை, முன்னர்ப் பெற்றோர் விவரம் ஆகியவற்றைத் தொகுத்துத் தரும் ஏடொன்றுக்குச் சந்தா கட்டவேண்டும் என்றார். அச்சந்தா டாலரிற் கட்டவேண்டியது. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டாலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியதையும், பின்னர் முன்னிலைக்குத் திரும்பாமையையும் யாவரும் அறிவர். கணக்கிட்டபோது, அச்சந்தா பிள்ளைகளின் மூன்று மாதக் கஞ்சிச் செலவுக்குச் சமமாயிற்று.

சபையிலுள்ள முதியோர் இரண்டு தடைகள் கூறினர். அந்நியரிடம் கையேந்துதல் இழிவென்பது ஒன்று. பிள்ளைகளின் வாய்க்குரியதைப் பெயர்ப்பட்டியலுக்குக் கொடுத்தல் பாவமென்பது மற்றொன்று.

முதலாவதற்கு விடை கூறுவாம். திருவள்ளுவநாயனார் இரவு என்றோர் அதிகாரம் வகுத்து, அதனையடுத்தே இரவச்சம் என்றோர் அதிகாரமும் வகுத்தார். கேட்டலும் உண்டு, கேட்டற்கு அஞ்சுதலும் உண்டு. இரண்டும் அருகருகே நிற்கவேண்டியன. தமக்கெனக் கேளாது பிள்ளைகளுக்கெனக் கேட்பவர் நாணவேண்டியதில்லை. ஆயினும் அஞ்சவேண்டியது ஒன்றுண்டு. அஃது யாதென்பது பின்னர் விளங்கும்.

இனி, அவ்வகை ஏடு யாது நோக்கிப் பிறந்தது என்று அறிதல் நன்று. அமெரிக்க நாட்டில் செல்வர் நிறுவும் தரும நிதியங்கள் வரிவிலக்குப் பெறுவன. ஆதலின் அவை தம் பொருளை எங்ஙனஞ் செலவிடுகின்றன என்று அறியும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. 1952 ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காங்கிரசின் குழுவொன்று இதனை விசாரித்தபோது, கார்னகி நிதியத்தைச் சேர்ந்த ரசல் லெபிங்வெல் என்பார், தரும நிதியங்களின் பை கண்ணாடியாலாயதாயிருத்தல் வேண்டுமென்னுங் கருத்துப்படச் சாட்சி கூறினார். 1956 இல் நியூயோர்க்கில் நிதியங்களைப் பற்றிய செய்தி நிலையமொன்று நிறுவப்பட்டு, 1960 இல் நிதியங்களின் பெயரேட்டை முதன்முறை அச்சிட்டது. அந்நிலையம் 2019 இல் கைட்ஸ்டார் என்னும் நிறுவனத்தோடு கூடிக் காண்டிட் எனப் பெயர்பெற்றது. எனவே ஏடு தன்னளவில் குற்றமுடையதன்று. தம் நாட்டுக்கு வெளியே கொடாத நிதியத்துக்கு விண்ணப்பம் எழுதி, எழுதுவோரும் வாசிப்போரும் காலங் கழித்தலினும், முன்னரே அறிந்து விலகுதல் இருவர்க்கும் நன்மையே.

அங்ஙனமாயின் தீங்கு எங்கேயுள்ளது? எமது சபையின் பழைய தவறொன்றைச் சொல்லுவாம். 2009 இல் யுத்தம் முடிந்தபின், வெளிநாட்டு உபகாரிகள் பலர் யாழ்ப்பாணத்தை நாடினர். அவருள் ஒரு சாரார் கணினிப் பயிற்சிக்கே பணம் கொடுப்பதாக அறிவித்தனர். எம் பிள்ளைகளுக்கு அப்போது வேண்டியிருந்தது எழுத்துக்கூட்டி வாசிக்குந் திறமை. நாமோ கணினியே எமது நெடுநாள் நோக்கம் என்பதுபோல எழுதினோம். கணினிகள் வந்தன. வாசிப்பு வகுப்பிற்குரிய அறை அவற்றிற்காயிற்று. மூன்றாண்டுள் உப்புக்காற்றில் அவை பழுதாயின. அவ்வாண்டுகளில் வாசிக்கக் கல்லாது போன பிள்ளைகள் இன்று வளர்ந்து, எம்மைத் தெருவிற் கண்டால் மரியாதையாகவே வணங்குகின்றனர். அவ்வணக்கத்தை ஏற்க எமக்குக் கூசுகின்றது. உபகாரிகள் ஒரு பொய்யுஞ் சொல்லவில்லை. பொய் சொன்னவர் நாமே.

கொடையாளர் பெயர் ஏற்போர்மேல் ஏறுதல் எமது நாட்டில் புதிதன்று. 1816 இல் இங்கு ஊழியந் தொடங்கிய அமெரிக்க மிஷனார் 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். மிஷன் விடுதிப் பிள்ளைகளின் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகள் விரும்பிய பெயர்கள் அப்பிள்ளைகளுக்கு இடப்பட்டன. காரல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்னும் பெரியோர் பெயர்களில் அவ்வழக்கத்தின் சுவடு இன்றுங் காணப்படும். நாமும் மிஷன் பாடசாலையிற் கற்றவராதலின், அக்கல்வியை இகழேம். அது செய்த நன்றி பெரிது. ஆயினும் உதவி தன் பெயரையும் உடன் கொண்டுவரும் என்பது உண்மை. முன்னாளில் அது பிள்ளையின்மேல் ஏறியது. இந்நாளில் நாம் செய்யும் பணியின்மேல் ஏறுகின்றது. மேலே அஞ்சவேண்டியது என்றது இதனையே.

மிஷன் பாடசாலையிற் கற்று அங்கேயே கற்பித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபோது, வீடுதோறும் பிடியரிசி பெற்று அதனை நடத்தினார்கள். செல்வரிடமும் கேட்டார்கள். ஆயின் எதற்காகக் கேட்கின்றோம் என்பது கேட்குமுன்னரே முடிவாகியிருந்தது. கொடுப்போர் விருப்பத்தை அறிந்து பாடத்தை வகுத்தாரல்லர். வகுத்த பாடத்துக்கே பொருள் வேண்டினார்கள்.

எமது ஊரில் தொழிலுக்குச் செல்வோர் எந்த மீனுக்கு எந்த வலை என்பதைக் கரையிலேயே தீர்மானித்துப் படகிலேற்றுவர். சபையும் அங்ஙனமே செய்யக்கடவது. ஆதலின் நாம் நான்கு விதிகள் செய்துகொண்டோம். பெயரேட்டைத் திறக்குமுன், எம் பணி இன்னது, அதற்கு வேண்டுந் தொகை இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, அங்கத்தவர் யாவருங் கையெழுத்திடல் வேண்டும். சந்தாப்பணம் அங்கத்தவர் தம் கையிலிருந்தே வரல் வேண்டும். கஞ்சிப் பணத்தைத் தொடலாகாது. ஊரிற் பிடியரிசி தண்டாத மாதத்தில் வெளியூருக்கு விண்ணப்பம் எழுதலாகாது. பிறர் பை கண்ணாடியாயிருக்க விரும்பும் நாம், எமது கணக்கையும் வாயிலில் ஒட்டல் வேண்டும்.

ஓராண்டுக்குச் சந்தா கட்டினோம். பெரும்பாலான நிதியங்கள் தம் நாட்டளவில் நின்றன. பல நிதியங்கள் தாம் அழைத்தாலன்றி விண்ணப்பம் ஏலா. பொருந்தியவை இரண்டே. அவற்றுள் ஒன்று, வாசிப்பு வகுப்பை ஆங்கில வகுப்பாக மாற்றினால் உதவலாமென மறுமொழி எழுதியது. காரியதரிசி எம் முகத்தைப் பார்த்தார். கையெழுத்திட்ட தாளை எடுத்து வாசித்தோம், நன்றிகூறி மறுத்தோம். அதனால் வாரத்தில் ஐந்து நாள் வார்த்த கஞ்சி மூன்று நாளாயிற்று. அது சிறு இழப்பன்று. பசித்த பிள்ளையின் முன் எமது நேர்மை வயிற்றை நிரப்பாது. ஆதலின் தெருத்தெருவாகப் பிடியரிசிக்கு இப்போது இருமடங்கு நடக்கின்றோம். மற்றை நிதியத்தின் விடையை எதிர்பார்த்திருக்கின்றோம்.

சைவாசிரியர்களே, ஈவோர் பெயரை அறிதல் குற்றமன்று. தம் பெயரை மறத்தலே குற்றம். உங்கள் சபையிலும் இவ்வேடு வரின் முதலில் அதனை மூடிவைத்து, வெறுந்தாளொன்றை எடுத்து, உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டுவது யாதென்று எழுதுவீர்களாக. எழுதி முடித்தபின் திறப்பீர்களாக.