கடிவாளம் தங்கும் இடம்

மொன்றியலில் நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து டெக்காரி நெடுஞ்சாலையை ஒட்டி வடக்கே போனால் பெரிய வெற்றுநிலம் ஒன்று வரும். 1907 முதல் 2009 வரை அங்கே புளூ பொனெட்ஸ் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. பிற்காலத்தில் பெயர் பெற்றவை ஆள் ஏறி ஓட்டும் பந்தயங்கள் அல்ல. இரண்டு சக்கர வண்டியை இழுத்துக்கொண்டு குதிரைகள் ஓடும் பந்தயங்கள். 2018-இல் மிச்சமிருந்த மாடத்தையும் இடித்துவிட்டார்கள். பணம் கட்டியவர்கள் குதிரையின் காலைப் பார்த்தார்கள். வண்டி ஓட்டியவர்களின் கவனம் வாயில் இருந்தது.

அந்த வாய்க்குள் என்ன இருக்கிறது என்பதை எலும்பைப் பார்த்தால்தான் தெரிந்துகொள்ள முடியும். குதிரையின் மண்டையோட்டில் கண்குழிக்கு முன்னால் இருக்கும் பகுதி மிக நீளமானது. புல்லில் மணல்சத்து அதிகம். மென்று மென்றே பல் தேய்ந்துபோகும். அதனால் குதிரைக்கு ஒவ்வொரு வரிசையிலும் ஆறு பெரிய அரைக்கும் பற்கள், பெரும்பகுதி தாடைக்குள்ளேயே புதைந்திருந்து, தேயத் தேய வெளியே வந்துகொண்டிருக்கும். இவ்வளவு பெரிய பற்களுக்கு இடம் வேண்டும் என்றே முகம் முன்னோக்கி நீண்டது. முகத்தின் நுனியில் புல்லைக் கடித்தெடுக்கும் முன்பற்கள், பின்னால் அரைக்கும் பற்கள். ஆண் குதிரைக்கு நடுவில் ஒரு கோரைப்பல் முளைக்கும். பெட்டைக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. மற்றபடி அந்த இடம் காலி. மேலே மெல்லிய ஈறு மட்டும் போர்த்திய, கத்தி விளிம்பு போன்ற எலும்பு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் உட்காருகிறது.

இதைப் பார்க்கக் குதிரையைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஷேர்புரூக் மேற்குத் தெருவில் ஒரு இறைச்சிக் கடையில் ஆட்டுத்தலை வாங்கி வந்து கழுவும்போது கீழ்த்தாடையில் விரலை ஓட்டினேன். முன்னால் எட்டுப் பற்கள், நேர் மேலே பல்லே இல்லாத கெட்டியான ஈறு. விரல் பின்னால் நகர்ந்தால் பல் முடிந்து வழுவழுவென்று ஓர் எலும்பு முகடு. அதைத் தாண்டி அரைக்கும் பற்கள் ரம்பம் போலத் தொடங்குகின்றன. நடுவில் என் ஆள்காட்டி விரல் அப்படியே பொருந்தியது. நாக்கு புல்லை உருட்டிப் பின்னால் தள்ள உதவும் இடம் அது. கடிவாளத்துக்காக ஏற்பட்டதில்லை.

இந்த நகரில் இதையெல்லாம் ஒரு காலத்தில் முறையாகவே கற்பித்தார்கள். டங்கன் மெக்எக்ரன் 1866-இல் தொடங்கிய மொன்றியல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் வில்லியம் ஆஸ்லரும் பாடம் எடுத்திருக்கிறார். பின்னாளில் மனித மருத்துவத்தில் உலகப் பெயர் பெற்ற அதே ஆஸ்லர். 1889-இல் அது மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவாகி 1903-இல் மூடப்பட்டது. அதே 1903-இல்தான் சென்னை வேப்பேரியில் கால்நடைக் கல்லூரி தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு ஏதும் கிடையாது. ஆனால் இங்கே குதிரையை வைத்துப் படித்ததை அங்கே பிள்ளைகள் மாட்டை வைத்துப் படித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

மாட்டிலும் கதை இதுதான்: உடலில் ஏற்கெனவே இருந்த இடத்தில்தான் தடியும் கயிறும் போய் உட்கார்ந்தன. கழுத்தில் எலும்பு ஏழு. குதிரைக்கும் ஆட்டுக்கும் நமக்கும் அதே ஏழு. அதற்குப் பின்னால் முதுகெலும்பின் முட்கள் உயர்ந்து எழுகின்றன, நம் நாட்டு மாட்டில் அவற்றுக்கு மேல் திமில். திமிலுக்குள் எலும்பு இல்லை, தசையும் கொழுப்புமே. ஆனாலும் நுகத்தடி பின்னால் நழுவாமல் நிற்க அது போதும். திமில் இல்லாத ஐரோப்பிய மாட்டுக்குப் பல ஊர்களில் நுகத்தைக் கொம்போடு சேர்த்துக் கட்டினார்கள். மூக்கணாங்கயிறு போகும் வழியும் அப்படித்தான்: இரு நாசிகளுக்கும் நடுவே உள்ள தடுப்பில் குருத்தெலும்பு தீர்ந்து வெறும் சதையாக இருக்கும் முன்பகுதி. குத்தத் தெரிந்தவர் இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்து, குருத்தெலும்புக்கு முன்னால் குத்துவார்.

ஆக, மனிதன் விலங்கைப் பழக்கியது தன் சாமர்த்தியத்தால் என்பதைவிட, அதன் எலும்புக்கூட்டில் காலியாகக் கிடந்த இடங்களில் போய்க் குடியேறினான் என்பதே சரி என்று கொஞ்ச நாள் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரிக்குதிரை இதைக் கவிழ்த்துவிடுகிறது. அதன் மண்டையோட்டையும் குதிரையின் மண்டையோட்டையும் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணுக்கே பிரித்துச் சொல்வது கடினம். அதே நீண்ட முகம், அதே காலி இடம். வால்ட்டர் ராத்ஸ்சைல்ட் வரிக்குதிரைகளை வண்டியில் பூட்டி லண்டன் தெருவில் ஓட்டிக்கூடக் காட்டினார். அதோடு சரி, ஆப்பிரிக்காவில் எவரும் அவற்றைக் கொண்டு உழவோ போரோ நடத்தவில்லை. மானுக்கும் முயலுக்கும்கூடத்தான் வாயில் இடைவெளி இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். மனிதனின் பல்வரிசையில் அந்த இடைவெளி கிடையாது. கோரைப்பல்லை ஒட்டியே அடுத்த பல். அதற்காக நம்மில் யாரும் தப்பவில்லை. வர்ஜீனியாவில் சமையல் வேலை செய்த அடிமைப் பெண் ஒருத்தியின் தலையில் இரும்பைப் பூட்டியிருந்ததைத் தான் கண்டதாக, தானும் அடிமையாக இருந்த ஒலாடா எக்வியானோ 1789-இல் வெளிவந்த தன் வரலாற்றில் எழுதினார். அவளால் பேசுவதே அரிதாக இருந்தது, உண்ணவும் முடியவில்லை. அந்த இரும்பால் அவள் வாயை மூட முடிந்தது. குதிரையின் வாயில் இரும்பு செய்கிற வேலை அது இல்லை: இடப்பக்கம் லேசாக இழுத்தால் குதிரை இடப்பக்கம் திரும்புகிறது.

ஏன் திரும்புகிறது? ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கை இரண்டு தோல்வாரால் நிறுத்த எந்த மனிதனுக்கும் பலம் கிடையாது. குதிரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு: மிரண்ட குதிரை சில சமயம் நாக்கால் இரும்பைப் பின்னுக்குத் தள்ளி அரைக்கும் பற்களுக்கு இடையில் கவ்விக்கொள்ளும். அதன் பிறகு வாரை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை, அது ஓடுகிற வழியில்தான் நாமும் போக வேண்டும். அந்தப் பற்கள் இரும்பிலிருந்து ஒரு விரல் தூரத்தில், எப்போதும் அங்கேயே இருக்கின்றன. கடிவாளம் பூட்டிய ஒவ்வொரு முறையும் குதிரை அப்படிச் செய்திருக்கலாம், பெரும்பாலும் செய்யவில்லை. அந்த இணக்கம் எந்த எலும்பிலும் இல்லை. வரிக்குதிரைக்கும் குதிரைக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அதில்தான் இருக்கிறது. நாம் அதைச் சம்பாதித்தோமா, குதிரை தந்ததா என்று மண்டையோட்டை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் விடை வராது.

நாம் அதை எப்படிப் பயன்படுத்தினோம் என்பது மட்டும் வரும். கடிவாளத்தோடு வாழ்ந்த குதிரைகளின் தாடையில், இரும்பு உட்கார்ந்த விளிம்பில், சில நேரம் சிறு முள்போல எலும்பு வளர்ந்திருப்பதைக் கால்நடை மருத்துவர்கள் காண்கிறார்கள். திரும்பத் திரும்ப அழுத்தப்பட்ட எலும்பு தன்னைக் காத்துக்கொள்ளும் விதம் அது. சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்பவர் இன்னும் இரண்டு விரற்கடை உள்ளே தடவிப் பார்க்கலாம். முள் தட்டுப்பட்டால், குதிரை இதற்குமுன் யார் கையில் இருந்தது என்று விசாரித்துக்கொள்ளலாம்.