தண்ணீர்ப்பந்தரும் உடம்பும்



கேளம்பாக்கத்தில் அன்பரொருவர் மனையில் யாம் நிகழ்த்திய சித்தாந்த வகுப்பு முடிந்தபின், மூதாட்டியார் ஒருவர் எம்மை அணுகினார். அவர்தம் மூத்த மகனுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. வாரத்துக்கு மும்முறை டயாலிசிஸ் நடைபெறுகின்றது. தம்பி தன் சிறுநீரகம் ஒன்றைத் தர முன்வந்தான். ‘உழைக்கும் பிள்ளை, வேண்டா’ என்று வீட்டார் தடுத்தனர். பின்னர், மனைவியே தருவாள் எனத் தாமே முடிவு செய்தனர். ‘உறுப்பை ஈந்தவர்க்கு மறுபிறவியில் அவ்வுறுப்புக் குறையும் என்கின்றார்களே, என் மருமகளுக்கு அக்குறை வருமோ ஐயா?’ என்பது அம்மூதாட்டியார் வினா.

இவ்வச்சத்துக்கு இடனில்லை. பருவுடம்பு ஈண்டே அழிவது. வினைப்பயனைத் தாங்கி உயிரோடு செல்வது நுண்ணுடம்பே. சுடுகாட்டில் முழுவுடம்பும் நீறாகின்றதே; நீறானார் யாவரும் மறுமையில் உடம்பின்றிப் பிறந்தனரோ? பிறவுயிர்க்கு இதஞ்செய்தல் புண்ணியம். புண்ணியம் குறையை விளைக்குமாறில்லை.

‘உடம்பு இறைவன் தந்த இரவற்பொருளன்றோ? அதனை ஈதற்கு நாம் யார்?’ எனச் சிலர் வினவுவர். நன்று. தண்ணீர்ப்பந்தர் வைத்தானொருவன் அதனை நம்பால் ஒப்புவித்துச் சென்றானாயின், நீர்வேட்கையால் வந்தார்க்கு வார்த்தல் அவன் கருத்தை முடித்தலாம். அந்நீரை விற்றலோ அவனை வஞ்சித்தலாம். மற்றொருவர் காவலிலுள்ள குடத்தைப் பறித்து வார்த்தல் கொள்ளையாம். தனுகரணங்களை நமக்கு ஈந்த பெருமான் திருவுளக்கருத்தும் இவ்வாறே கொள்ளற்பாலது.

விற்றல் நிகழ்ந்ததுண்டு. சென்னை வில்லிவாக்கம், வறியோர் சிறுநீரகம் விற்றமையால் ஒருகாலத்துப் பழிப்பெயர் பெற்றது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்பு வாணிகத்தைக் குற்றமாக்கியது. ஆயினும், 2025-ஆம் ஆண்டிலும் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர் கடன் தீர்க்கச் சிறுநீரகம் விற்ற செய்தி வெளிவந்து நம்மை நாணச் செய்தது. கடனாளியின் உடம்பை விலைபேசுவோர் பாவமே பெரிது.

ஈந்தவர் நோயாளராய்க் கிடப்பர் என்பதும் பொதுமையின் மெய்யன்று. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் இரட்டையருள் ஒருவர் மற்றவர்க்குச் சிறுநீரகம் ஈந்தார். ஈந்தவர் அதன்பின் 56 ஆண்டு வாழ்ந்து 2010-இல் மறைந்தார். நம் வேலூரில் 1971-ஆம் ஆண்டிலேயே இச்சிகிச்சை நடைபெற்றது. நலமுடையார்க்கு எஞ்சிய ஒன்றே தன் ஆற்றலைப் பெருக்கிக்கொண்டு உடம்பைக் காக்கும். ஆயினும் அறுவைக்குரிய இடர் சிறிதும் இல்லையென்று கூறுதல் பொய்யாம். முன்னர் நுணுகிய சோதனையும், பின்னர் ஆண்டுதோறும் மருத்துவர் பார்வையும் இன்றியமையாதன.

இனி, மூதாட்டியார் வினாவினுள் மறைந்து கிடந்த வினாவுக்கு வருவாம். நம் நாட்டில் உயிரோடிருந்து சிறுநீரகம் ஈவோருள் பெரும்பாலார் பெண்டிர். பெறுவோருள் பெரும்பாலார் ஆடவர். இஃது அன்பின் மிகுதியால் மட்டும் நேர்ந்ததோ? மகனுடம்பு அரிது, மருமகளுடம்பு எளிது என எண்ணும் மனத்தாலும் நேர்ந்ததோ? ஒவ்வொருவரும் தம் மனையில் வினவிக்கொள்க. கண்ணப்ப நாயனார்க்குக் கண்ணை இடந்து அப்புமாறு ஏவினார் எவருமிலர், அன்பே ஏவிற்று. ஆதலினன்றோ அஃது ஈகையாயிற்று! சுற்றத்தார் சூழ்ந்து நின்று வாங்குவது ஈகையன்று, வரி.

எனவே, ஈவாரைத் தனியிடத்து வினவுக. ‘இல்லை’ என்றாரேல், அச்சொல்லைப் பழியாது ஏற்க. இறந்தபின் உறுப்பீதலும் எங்கும் பரவுக. 2008-ஆம் ஆண்டில், மூளைச்சாவுற்ற தம் மகன் உறுப்புக்களை ஈந்த திருக்கழுக்குன்றத்துப் பெற்றோர் இம்மாவட்டத்தாரே. மாண்டார் ஈகை பெருகப் பெருக, வாழ்வார்மேல் விழும் சுமை குறையும்.

இவையனைத்தும் கூறி, ‘அம்மையே, மருமகளார் கருத்து யாதோ?’ என்றேம். அவர் நெடுநேரம் வாளா இருந்தார். பின்னர், ‘அவளை ஒருவரும் கேட்கவில்லை ஐயா, நானும் கேட்கவில்லை. இன்றிரவு கேட்கின்றேன்’ என்று கூறித் திருநீறு பெற்றுச் சென்றார்.

திருச்சிற்றம்பலம்.