அகரம் ஒன்று, பொருள் பல

எழுத்துக்களுள் முதலாய் நிற்பதும், ஏனை எழுத்துக்களின் இயக்கத்துக்குத் துணையாய் நிற்பதும் அகரமே. திருவள்ளுவனார் தம் நூலின் முதற் குறளில் இறைவனது முதன்மைக்கு அதனையே உவமை கூறினர். உமாபதி சிவனாரும் திருவருட்பயனில், காப்பினை அடுத்த முதற் செய்யுளில், இறைவன் எங்கும் நிறைந்து நிற்றற்கு அதனையே எடுத்தாண்டனர். இவ்வாறு எழுத்தாய் நின்ற அகரத்தின் சிறப்பைச் சைவ நன்மக்கள் யாவரும் அறிவர். அவ்வகரம் சொல்லாய் நிற்குங்கால் யாது பொருள்படும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

இவ்வாராய்ச்சியால் வரும் பயன் என்னையெனின், கூறுதும். அத்துவிதம் என்னும் சொல்லின் முதற்கண் நின்றது ஓர் அகரம். அதற்குக் கொள்ளும் பொருளளவாகவே கொள்கைகள் வேறுபடுகின்றன. வழிபடுவோன் ஒருவன் உண்டோ, அவனால் வழிபடப்படும் முதல் ஒன்று உண்டோ, திருக்கோயிற் பணியும் அடியார் தொண்டும் மெய்யோ பொய்யோ என்னும் வினாக்களெல்லாம் அவ்வோரெழுத்தின் பொருளைப் பற்றி நிற்கின்றன. ஆகலின் இஃது இலக்கணப் புலவர்க்கு மட்டும் உரிய ஆராய்ச்சி அன்று.

முதற்கண், அகரம் உலகமொழிகள் பலவற்றினும் சொல்லாய் வழங்குதற்குக் காரணம் அதன் பிறப்பு எளிமையே. அகர ஆகாரங்கள் வாயை அங்காத்த அளவிற் பிறக்கும் என்பது தமிழிலக்கண நூலார் துணிபு. நாவும் இதழும் பல்லும் பெரிதும் தொழில் செய்யாமலே எழும் ஒலியாகலின், எந்நாட்டு மாந்தர்க்கும் அஃது எளிதாயிற்று. எளிய ஒலிகள் சில. மக்கள் உணர்த்தக் கருதிய பொருள்களோ அளவில. சில ஒலிகள் பல பொருள்களைச் சுமக்கவேண்டிய இடத்து, ஓரொலி வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு பொருள் கொண்டு நிற்றல் வியப்பன்று.

நம் தமிழிலேயே அகரம் ஒரு பொருளோடு நில்லாமை காண்க. அவ்வீடு, அக்காலம் என்புழிச் சேய்மைச் சுட்டாயிற்று. என கைகள் என்புழிப் பன்மைக்குரிய ஆறாம் வேற்றுமை உருபாயிற்று. வந்தன, நல்லன என்புழி அஃறிணைப் பன்மை விகுதியாயிற்று. செய்த, வந்த என்புழிப் பெயரெச்ச விகுதியாயிற்று. இவையன்றி, எட்டு என்னும் எண்ணுக்கு நம் முன்னோர் இட்ட குறியும் அகர வடிவினதே. அதுபற்றியே எட்டும் இரண்டும் எனத் திருமந்திரம் கூறுமிடத்து அகர உகரங்களைக் கருதிப் பொருளுரைப்பர் பெரியோர். ஒரு மொழிக்குள்ளேயே இத்துணை வேறுபாடு உளதாயின், பல மொழிகளை நோக்கின் எத்துணை உளதாகும்!

வடமொழியில் அகரம் எதிர்மறை உணர்த்தும். அதனை நஞ் என்பர் இலக்கணிகள். மெய்யெழுத்தை முதலாகவுடைய சொற்கு முன் அ என்றும், உயிரெழுத்தை முதலாகவுடைய சொற்கு முன் அந் என்றும் அது வரும். அசத்து, அநாதி என்பன காண்க. கிரேக்க மொழியிலும் மெய் முன் அ என்றும், உயிர் முன் அன் என்றும் எதிர்மறை வருகின்றது. இறவாமையை உணர்த்தும் அமிர்தம் என்னும் வடசொல்லும், அப்பொருளே தரும் அம்ப்ரோதோஸ் என்னும் கிரேக்கச் சொல்லும் உடன்பிறந்தன. இலத்தீனில் இவ்வெதிர்மறை இன் எனவும், ஆங்கிலத்தில் அன் எனவும், செருமானியத்தில் உன் எனவும் வழங்கும்.

இவை ஒரு வழியின என்பதற்குச் சான்று யாதெனின், ஒலியொப்புமை மட்டும் அன்று. ஒலிவேறுபாட்டின் ஒழுங்கே சான்றாம். மூல மொழியில் உயிர்போல் நின்றிசைத்த ஒரு மூக்கொலி, வடமொழியிலும் கிரேக்கத்திலும் அகரமாயும், இலத்தீனில் இன் அல்லது என் ஆயும், செருமானியக் கிளையில் உன் ஆயும் திரிந்தது. நூறு என்னும் பொருளில் வரும் சதம், ஹெகதோன், கெந்தும், ஹண்ட்ரட் என்னும் சொற்களிலும் அத்திரிபு அம்முறையே காணப்படுகின்றது. இங்ஙனம் ஒன்றற்கு மற்றொன்று சான்றாய் நிற்றலின், வடமொழி எதிர்மறை அகரம் தொடக்கத்தில் அகரமே அன்று, மூக்கொலியாம் என்பது போதரும். 1786-ஆம் ஆண்டு வில்லியம் சோன்ஸ் என்பார் வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் உறவைக் கல்கத்தாவில் எடுத்துரைத்த பின்னர் வளர்ந்த ஒப்பியல் நூல் நமக்குக் காட்டிய உண்மை இது.

இனி, ஒலியொப்புமை மயக்கும் இடங்கள் சில காட்டுதும். ஆங்கிலத்தில் பெயர்க்கு முன் வரும் அ என்பதும் மெய் முன் அ, உயிர் முன் அன் என நிற்கும். வடமொழி நஞ்ஞின் நிலையும் அதுவே. ஆயின் அஃது எதிர்மறை அன்று. ஒன்று என்னும் எண்ணுப்பெயர் தேய்ந்து வந்ததாம். வடமொழியில் இன்று என மறுக்கும் ஒலியே ஆங்கிலத்தில் ஒன்று என நாட்டுகின்றது. அவ்வாங்கிலத்திலேயே, உறங்கும் நிலையைக் குறிக்கும் அஸ்லீப் என்னும் சொல்லின் அகரம், மேல் அல்லது கண் எனப் பொருள்படும் ஆன் என்னும் இடைச்சொல்லின் தேய்வு. கடவுள் இல்லையென்பாரைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தோ கிரேக்கத்தினின்று வந்த எதிர்மறை. ஒரு மொழியுள் ஓரெழுத்து மூன்று குடியிற் பிறந்து நின்றது.

அங்கேரி நாட்டு மொழியில் அ என்பது பெயர்க்கு முன் நின்று, குறித்த பொருளைச் சுட்டும். அது, அந்த என்னும் பொருளுடைய அஸ் என்னும் சுட்டினின்று தோன்றிற்று. அச்சுட்டு உருபேற்குங்கால் அதன் ஈற்றொலி வருமொழி முதலொலியாய்த் திரிந்து இரட்டித்தலும் உண்டு. நம் மொழியில் அ என்பதனோடு பொழுது புணர்ந்து அப்பொழுது என வல்லெழுத்து மிகுதலை நினைப்பார்க்கு இது பெருவியப்புத் தரும். ஒலியும் பொருளும் புணர்ச்சியும் ஒருங்கே ஒத்தமையால் தமிழும் அங்கேரியமும் ஓரினம் எனத் துணிதல் கூடுமோ எனின், கூடாது. அங்கேரியத்தில் இரட்டித்தற்கு ஆங்கு நின்ற ஸகர ஒலி காரணம். தமிழ்ச் சுட்டுக்கு அத்தகைய ஈறு இன்று. விளைவு ஒத்தது, காரணம் ஒவ்வாதாயிற்று.

இலத்தீனில் நெடிலாய் ஒலிக்கும் ஆ என்பது நீங்கற்பொருளது. தந்தையினின்று என்பதனை அதனாற் கூறுவர். அவ்விலத்தீன் வயிற்றிற் பிறந்த இத்தாலிய மொழியிலோ அவ்வெழுத்தால் எழுதப்படுவது தந்தைக்கு, தந்தையிடத்து எனச் சேறற்பொருள் தரும். தாய் நீங்குக என்றதனை மகள் சேர்க என்றாளோ எனின், அன்று. தாய்மொழியின் நீங்கற்சொல் இத்தாலியத்தில் அவ்வடிவில் நிலைபெறாது போக, அத் என்னும் சேறற்சொல் ஈறு தேய்ந்து அவ்விடத்தில் நின்றது. பிரெஞ்சு மொழியில் அதே எழுத்து, உடையன் எனப் பொருள்படும் வினைச்சொல்லின் தேய்வாயும் வரும். உருசிய மொழியிலோ ஆனால், மற்று எனப் பொருள்படும் இணைப்புச் சொல்லாம்.

இவற்றால் அறியப்படுவது யாது? ஒரு சொல் எத்துணைக் குறுகியதோ, அத்துணை அதன் ஒலியொப்புமை வலியிழக்கும். நீண்ட சொல்லுக்கு ஒவ்வோரெழுத்தும் ஒரு சான்று. ஓரெழுத்துச் சொல்லுக்குச் சான்று ஒன்றே, அதுவும் தற்செயலாய் அமைதல் கூடும். ஆகலின் வழக்கு, வரலாறு, திரிபின் ஒழுங்கு, சூழ்ந்துநின்ற சொற்கள் என்னும் இவற்றை வினவியே பொருள் துணிதல் வேண்டும்.

ஈண்டு நம்மவருட் சிலர் கூறுவதொன்று உண்டு. வடமொழி நஞ்ஞாகிய அகரம் தமிழ் அல் என்பதன் சிதைவே என்றும், அத்துவிதத்தின் அகரம் தமிழ்ச் சுட்டே என்றும் அவர் உரைப்பர். தாய்மொழிப் பற்றாற் பிறந்த உரையாகலின் யாம் அவரை இகழேம். ஆயினும், கிரேக்க இலத்தீன் செருமானிய மொழிகளில் உடன்பிறப்புடைய ஒன்றனைத் தமிழின் சிதைவென்றல் சான்றொடு பொருந்தாது. 1856-ஆம் ஆண்டு கால்டுவெல் வெளியிட்ட ஒப்பிலக்கணமும், அதற்கு முன்னரே 1816-ஆம் ஆண்டு எல்லிசு எழுதிய ஆராய்ச்சியும் தமிழினத்து மொழிகட்குத் தனிக்குடி உண்டென நிறுவின. தனிக்குடியுடையார்க்குப் பிறர் வீட்டுப் பொருளைத் தமதென்று கூறவேண்டுவதில்லை. மெய்யன்றிப் பிறிதொன்றால் மொழியைப் போற்றுதல், மலரன்றி வண்ணக் காகிதத்தால் அருச்சிப்பது போலும்.

இனி அத்துவிதச் சொல்லிடத்து வருதும். நஞ்ஞின் பொருள் ஆறு என வடநூலார் வகுத்தனர்: ஒப்புமை, இன்மை, அன்மை, சிறுமை, இழிவு, மறுதலை. பாவமின்மையை அபாபம் என்பது இன்மை. குதிரையல்லாத பிற விலங்கை அநசுவம் என்பது அன்மை. சிற்றிடையாளை வயிறிலாள் எனப்பொருள்பட அநுதரா என்பது சிறுமை. அறத்துக்குப் பகையாயதை அதருமம் என்பது மறுதலை. ஆகவே அகரம் எதிர்மறை என்று துணிந்த அளவானும் பொருள் முடியவில்லை. எவ்வெதிர்மறை என்பது எஞ்சி நிற்கின்றது.

பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தின் கண் இதனை ஆராய்ந்தனர். ஒன்றே உளது என்று கூறுதற்கே அங்ஙனம் சுட்டியுணர்வோன் ஒருவன் வேண்டப்படுதலின், அத்துவிதம் என்னும் சொல் ஏகம் என்பதன் மறுபெயர் ஆகாது, வேறாய் நிற்றலையே அது மறுக்கும் என்பது அவர் கருத்து. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் தம் மாபாடியத்தில் இன்மை, மறுதலை, அன்மை என்னும் மூன்றனையும் வைத்து ஆராய்ந்து, முன்னிரண்டனையும் விலக்கி அன்மைப் பொருளையே நாட்டினர். அவர் திருவடி கூடியது 1785-ஆம் ஆண்டு. வில்லியம் சோன்ஸ் மொழிகளின் உறவைக் கல்கத்தாவில் எடுத்துரைத்தற்கு முன்னரே, ஓரெழுத்தின் பொருள்வேறுபாட்டால் விளையும் கொள்கை வேறுபாட்டை அவர் துருவிக் கண்டமை எண்ணி மகிழற்பாலது.

இவ்வன்மை இன்மைகளின் வேறுபாடு தமிழர்க்கு எளிதிற் புலனாவது. வடமொழியில் ஒரு நஞ்ஞே இரண்டற்கும் நிற்க, தமிழில் இல் என்றும் அல் என்றும் இருவேறு அடிகள் உள. சாத்தன் இல்லை என்பது அவன் ஆண்டு இன்மையைக் கூறும். இவன் சாத்தன் அல்லன் என்பதோ, ஒருவன் எதிர்நிற்க, அவனிடத்து ஒரு தன்மையை மட்டும் விலக்கும். அங்ஙனமே இரண்டு இல்லை என்பதும், இரண்டு அல்ல என்பதும் வேறு வேறாம். முன்னது பொருளின் தொகையைப் பற்றியது. பின்னதற்கு அவை என ஓர் எழுவாய் வேண்டும். அவை இரண்டல்ல என்று கூறும்பொழுதே அவை உளவாதல் பெறப்பட்டது. விலக்கப்பட்டது அவற்றின் உண்மை அன்று, பிரிவே என்க.

அற்றேல், ஒரு மொழியின் இயல்பு ஒரு கொள்கையை நிறுவுமோ எனின், நிறுவாது. வடநூலாரும் பரியுதாசம், பிரசச்சியப் பிரதிடேதம் என்னும் பெயர்களால் அன்மை இன்மைகளைப் பிரித்தறிந்தனரேயாதலின், இது தமிழர்க்கே உரிய அறிவென்று செருக்குதற்கும் இடமில்லை. மொழி வாயிலைத் திறந்து காட்டும். உட்புகுதற்கு அளவையும் அநுபவமும் வேண்டும். இன்மைப் பொருள் கொள்ளின், கட்டுண்டவன் யார், வீடுபெறுவோன் யார் என்னும் வினாவுக்கு விடை அரிதாம். மறுதலைப் பொருள் கொள்ளின், ஒன்றுள்ள விடத்து மற்றொன்று நில்லாதென முடிந்து, உயிர் திருவடி கூடுதற்கு வாயில் இன்றாம். அன்மைப் பொருள் கொள்ளினோ, கட்டும் உண்டு, வீடும் உண்டு, வணங்கற்கு இடமும் உண்டு, பிரிவறக் கலத்தற்கு வழியும் உண்டு.

இக்கலப்பினை விளக்க வந்த உமாபதி சிவனார் சிவப்பிரகாசத்தில் பொன்னும் பணியும் போலும் என்பாரையும், இருளும் ஒளியும் போலும் என்பாரையும், சொல்லும் பொருளும் போலும் என்பாரையும் விலக்கி, உடலும் உயிரும், கண்ணும் ஞாயிறும் என்றற்றொடக்கத்தனவற்றை உவமையாக எடுத்தனர். கண் காணும்பொழுது, கண்ணொளி இது, ஞாயிற்றொளி இது எனப் பிரித்தல் இயலுமோ? ஆயினும் கண் ஞாயிறு ஆயிற்றில்லை. இரண்டு உள, அவை இரண்டாய் நிற்கவில்லை.

ஆகவே, அகரத்தின் ஒலியை மட்டும் பற்றினார், ஒன்றென்பார்க்கும் இன்றென்பார்க்கும், நீங்குக என்பார்க்கும் சேர்க என்பார்க்கும் இடையே மயங்குவர். அதன் குடியும், அது நின்ற இடமும், அதனைக் கூறியோர் கருத்தும் வினவுவாரே பொருள் காண்பர். நூலோதுங்கால் ஓரெழுத்தையும் எளிதென்று கடந்து செல்லாது நின்று வினவுதல், கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் கடனாம். அவ்வாறு வினவிப் பெறும் தெளிவு வழிபாட்டுக்கு இடையூறாகாது. வழிபடும் நமக்கும் வழிபடப்படும் இறைவனுக்கும் உள்ள உறவு யாதென உணர்ந்து கைகுவித்தற்குத் துணையேயாம்.

சிவம்.