பஸ்ஸைக் கைவிட்டவர்கள்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஒருவர் பஸ்ஸேறிப் போய்வருவதில் தர்ம விசாரணைக்கு என்ன இடமிருக்கிறது என்று வாசகர் வினவலாம். கட்டணத்தைக் கொடுக்கிறோம், கிடைத்த இடத்தில் நிற்கிறோம், ஊர் வந்ததும் இறங்குகிறோம்; இதில் நியாயம் அநியாயம் என்ற பேச்சு ஏன்? இடமிருக்கிறது என்பதே நமது துணிபு. ஆனால் விசாரணையைப் பஸ்ஸில் ஏறுகிறவரிடம் தொடங்குவதிற் பயனில்லை. ஒருகாலத்தில் ஏறிக்கொண்டிருந்து, பின்னர் ஏறுவதை விட்டுவிட்டவரிடம் தொடங்கவேண்டும்.

நமது கரையோரத்துக்கு ரயில் கிடையாது. இருப்புப்பாதை 1928 இல் மட்டக்களப்பை எட்டியதோடு நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றரும், அதற்கப்பால் பொத்துவில் வரையும் ஒரே நெடுஞ்சாலைதான். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்களும் அவற்றிடையே தமிழ் ஊர்களுமாக அச்சாலையைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. கைத்தறிச் சாறன் கட்டுடன் வரும் மருதமுனைக்காரரும், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவியும், கல்முனை ஆஸ்பத்திரியில் மருந்தெடுக்க வரும் முதியவளும் ஒரே பஸ்ஸில் முட்டிமோதி நிற்கிறார்கள். ‘ஆசுபத்திரியடியில எறக்கிவிடுங்க காக்கா’ என்று ஒருத்தி சொல்ல, ‘தம்பி, காரைதீவுச் சந்தி’ என்று மற்றொருத்தி குரல் கொடுக்கிறாள். நடத்துனர் இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்: இன்னும் கொஞ்சம் உள்ளே போங்கள்.

இவர்களுக்கு இன்னுமொரு பயணம் உண்டு. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் அமைக்கப்பட்ட நாள்தொட்டு கச்சேரி அம்பாறை நகரிலே இருக்கிறது. காணி விஷயமாக மாவட்ட அதிகாரியிடம் ஒரு கையெழுத்து வேண்டுமாயின், கரையோரத்து ஏழை காரைதீவுச் சந்தியில் வண்டி மாறி, சம்மாந்துறை கடந்து, வயல்வெளிகளினூடே போகவேண்டும். அதிகாரி இல்லையென்றால் மறுநாளும் போகவேண்டும். (கரையோரத்துக்கெனத் தனி மாவட்டம் வேண்டுமென்ற கோரிக்கையை இனவாதமென்று ஒதுக்குவோர், முதலில் இந்தப் பஸ்ஸில் இரண்டு நாள் போய்வருவது நல்லது.)

பஸ் எல்லோருக்கும் உரியது என்ற எண்ணத்துக்கு இந்நாட்டில் சட்டவுருவம் கிடைத்தது 1958 ஜனவரி 1 ஆந் திகதி. பண்டாரநாயக்கா அரசாங்கம் தனியார் பஸ் கம்பனிகளைத் தேசியமயமாக்கி, இலங்கைப் போக்குவரத்துச் சபையை அன்றுதான் இயங்கச் செய்தது. ஆள் நிறைந்த பாதையின் வருமானம் ஆளற்ற பாதையின் நட்டத்தைத் தாங்கவேண்டும், அந்தி நேரத்து ஒற்றைப் பயணிக்காகவும் வண்டி ஓடவேண்டும் என்பதே அதன் உட்கருத்து. சபை ஊழலும் வீண்செலவும் நிறைந்ததாயிற்று என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் 1979 இல் தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டபோது திருத்தப்பட்டது ஊழலன்று. இலாபமுள்ள பாதையும் இலாபமுள்ள நேரமும் தனியார் கைக்குப் போயின. நட்டம் அரச வண்டிக்கே விடப்பட்டது. பின்னர் சபை துண்டு துண்டாயிற்று. 2005 ஆம் ஆண்டின் சட்டத்தால் மீண்டும் ஒன்றாயிற்று. பெயர்கள் மாறின, அந்தப் பங்கீடு மாறவில்லை.

இதன் விளைவைக் காலை ஏழு மணிக்குப் பாடசாலைச் சீருடையில் தரிப்பிடத்தில் நிற்கும் பிள்ளையிடம் பார்க்கலாம். அரச பஸ்ஸில் மாணவருக்குச் சலுகை விலையில் பருவச் சீட்டு உண்டு. தனியார் வண்டியில் அச்சீட்டு செல்லாது. ஆகவே ஒன்று அப்பிள்ளையைக் கண்டும் காணாததுபோல் போகிறது. மற்றது சில வேளை நிற்கிறது, சில வேளை நிரம்பி வழிந்தபடி நில்லாமற் போகிறது. நாம் உடனே சாரதியைத் திட்டுகிறோம். தனியார் வண்டியின் சாரதியும் நடத்துனரும் மாலையில் முதலாளி கையில் வைக்கவேண்டிய தொகை காலையிலேயே அவர்கள் தலைமேல் ஏறிவிடுகிறது என்பதை நினைப்பதில்லை. அரைக் கட்டணப் பயணி அவர்களுக்கு அந்தக் கணக்கில் விழுகிற ஓட்டை. தொழிலாளியைத் தொழிலாளியின் பிள்ளைக்கு எதிரியாக்குகிற கணக்கு அது.

இவ்வளவும் நமக்குத் தெரியும். இடதுசாரிக் கூட்டங்களில் இதைவிட வன்மையாகவே பேசியிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வீடு போகிறோம்.

ஆசிரியர், எழுதுவினைஞர், கிராம உத்தியோகத்தர் ஆகியோரெல்லாம் ஒரு தலைமுறைக்கு முன்னர் இதே பஸ்ஸில் வந்தவர்கள். இன்று ஒவ்வொருவரிடமும் ஒரு வாகனம் இருக்கிறது. ‘எனது சம்பளத்தில், எனது கடனில் வாங்கினேன், யாருக்குத் தீங்கு செய்தேன்?’ என்று அவர் கேட்டால், தீங்கு செய்தீர் என்று சொல்ல நமக்கு நாவெழாது. அதிலும் ஸ்கூட்டரில் வருகிற ஆசிரியையைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. பின்னால் நிற்பவனின் முழங்கையைச் சகிக்கவேண்டாம், அந்தியில் வராத வண்டிக்காகத் தனியே காத்துநிற்கவேண்டாம், போகவரத் தந்தையையோ தமையனையோ எதிர்பார்க்கவேண்டாம் என்ற நிலை நமது ஊர்ப் பெண்ணுக்கு மிக அரிதாகக் கிடைத்தவொன்று. அதைத் துறந்துவிட்டுத் தியாகியாகு என்று போதிப்பது ஆண்களுக்கு மட்டுமே எளிது.

எனினும் கேள்வி ஒழிந்துபோகவில்லை. பஸ் பிந்தினால் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர், சாலை அத்தியட்சகரின் அறைக்குள் தயங்காமல் நுழையக்கூடியவர், பத்திரிகைக்கு நாலு வரி அனுப்பக்கூடியவர், பாராளுமன்ற உறுப்பினரை வழிமறித்துக் கேட்கக்கூடியவர் ஆகிய அனைவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கிவிட்டார்கள். மருந்துச் சீட்டுடன் நிற்கும் மூதாட்டியும், மீன் சந்தையிலிருந்து பையுடன் திரும்புகிறவளும், பத்து வயதுப் பிள்ளையும் எஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் எவ்வளவு நேரம் காத்துநின்றாலும் அது எந்த அலுவலகத்தின் கோப்பிலும் ஏறாது. இறங்கிப் போனவர் தமது உடலை மட்டும் கொண்டுபோகவில்லை. அந்த வண்டிக்கு இருந்த வாயையும் கொண்டுபோய்விட்டார். ஒவ்வொருவரும் தனித்தனியே எடுத்த குற்றமற்ற தீர்மானங்கள் கூடி ஒரு பெரிய அநியாயமாக முடியுமா? முடியும் என்பதற்கு நமது நெடுஞ்சாலையே சாட்சி.

1955 டிசம்பரில் அமெரிக்காவின் மொன்ற்கொமரி நகரில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ரோசா பார்க்ஸ் என்ற தையற்தொழிலாளி வெள்ளையருக்கு ஆசனத்தை விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதானார். அதன்பின் 381 நாட்கள் அந்நகரத்துக் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் பகிஷ்கரித்தார்கள். பயணிகளில் முக்காற்பங்கினர் அவர்களே. வேறு வாகனமில்லாத வீட்டுவேலைக்காரிகள் மைல்கணக்கில் நடந்தார்கள். பஸ் தமக்கு வேண்டும் என்பதற்காகவே பஸ்ஸைவிட்டு இறங்கினார்கள். அந்த நகரம் அதிர்ந்தது. நாம் இறங்கியதோ எவர் காதிலும் விழவில்லை.

2022 ஆம் ஆண்டு நமக்கொரு பரீட்சை வைத்தது. டொலர் தீர்ந்து, பெற்றோல் நிலையங்களில் வரிசை நாட்கணக்கில் நீண்டது. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. தனியார் வண்டிகளிற் பெரும்பகுதி டீசலின்றி நின்றுபோயிற்று. ஜூலை முதலாந் திகதி ஆகக்குறைந்த பஸ் கட்டணம் 40 ரூபா ஆயிற்று. அவ்வாரங்களில் மோட்டார் சைக்கிள்கள் முற்றத்தில் தூங்க, கனவான்கள் தரிப்பிடத்துக்கு வந்தார்கள். தமது மாணவர்கள் மிதிபலகையில் தொங்குவதை ஆசிரியர்கள் நேரிற் கண்டார்கள். அட்டவணையே இல்லாத தரிப்பிடங்களில் நின்று ‘இது என்ன அநியாயம்’ என்று பலர் பொங்கினார்கள். அந்தக் கோபம் உண்மையானது. அதை நாம் கேலிசெய்யவில்லை. ஆனால் அது நீடித்த காலத்தை அளந்து பார்க்கவேண்டும். கியூ.ஆர். முறையில் எரிபொருட் பங்கீடு தொடங்கி, வாரத்துக்குச் சில லீற்றர் கைக்கு வந்ததுமே கோபம் அடங்கிற்று. அடுத்த மாதமும் அந்தப் பிள்ளை அதே மிதிபலகையிற்றான் தொங்கினான். துன்பத்தைப் பகிர்ந்துகொண்டதால் மட்டும் ஒருமைப்பாடு பிறப்பதில்லை போலும். துன்பம் நீங்கிய மறுநாளும் அந்தத் தரிப்பிடத்தை நினைக்கிற ஏதோவொன்று வேண்டியிருக்கிறது.

இந்தச் சாலைக்கு மற்றொரு நினைவும் உண்டு. 1990 இல் மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையே பயணம் உயிரைப் பணயம் வைப்பதாக மாறியது. எந்த ஊரைக் கடக்கிறோம், அங்கு எந்தச் சமூகத்தார் இருக்கிறார்கள் என்று எண்ணியெண்ணிப் போகவேண்டியிருந்தது. போனவர் சிலர் மீளவில்லை. இன்று காரைதீவாரும் சாய்ந்தமருதாரும் தோளோடு தோள் நின்று, கட்டண உயர்வைப் பற்றி ஒரே குரலில் முணுமுணுக்க முடிகிறது. நல்லிணக்க மாநாடுகளில் இந்த முணுமுணுப்புக்கு இடம் கிடைப்பதில்லை. தத்தம் தலைக்கவசத்துக்குள் தனித்தனியே விரைகிறவர்களுக்கு இந்தப் பழக்கமும் அற்றுப்போகிறது.

2021 மே மாதம் தமிழ்நாட்டு அரசு சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. நமது கருவூலத்துக்கு அது இயலுமா என்பது வேறு விவாதம். பிரயாணம் வாழ்வதற்கான தேவைகளுள் ஒன்று, அதன் செலவைச் சமுதாயம் ஏற்கலாம் என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டது என்பதே நமக்கு முக்கியம்.

மோட்டார் சைக்கிளை விற்றுவிடுங்கள் என்று நாம் ஆசிரியரிடம் கேட்கவில்லை. சம்பளமும் இடமாற்றமும் நிரம்பிய சங்கக் கோரிக்கைப் பட்டியலில் நான்கு வரிகளைச் சேர்க்கக் கேட்கிறோம்: பருவச் சீட்டு எல்லா வண்டியிலும் செல்லவேண்டும், அதன் நட்டத்தை அரசு ஈடுசெய்யவேண்டும், ஒவ்வொரு தரிப்பிடத்திலும் தமிழில் நேர அட்டவணை தொங்கவேண்டும், மஃரிபுக்குப் பின்னும் வண்டி ஓடவேண்டும். அட்டவணை சரியா என்று பார்க்க யாரேனும் மாதத்தில் சில நாட்கள் அந்தப் பஸ்ஸில் போய்வரத்தான் வேண்டும். காலை ஏழு மணி வண்டியில், பாடசாலைப் பிள்ளைகளோடு.