நீரின் தூய்மையும் பொறுப்பும்

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில், சங்கராபரணி ஆற்றின் கரையிலுள்ள திருக்காஞ்சியில் மாசிமகத்தன்று மக்கள் நீராடுகிறார்கள். முன்னோர் அஸ்தியையும் அங்கே கரைக்கிறார்கள். ஆறு பாவத்தை ஏற்றுக் கரைத்துவிடும் என்பது நம்பிக்கை. ஆனால் நீரில் கலக்கும் ஈயமும் காட்மியமும் அப்படி மறைவதில்லை. அவை தனிமங்கள், தீயோ நுண்ணுயிரோ அவற்றை அழிக்காது. நீரில் கரைக்கும் சிலைகளுக்கு நச்சு வண்ணங்களைத் தவிர்க்கும்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 நெறிமுறைகள் சொல்வது இதனால்தான்.

பாகூர்ப் பக்கத்து அரிசி ஆலைகளிலும் தோப்புகளிலும் மிஞ்சும் உமிக்கும் தென்னை நார்த்தூளுக்கும் இந்த உலோகங்களைப் பிடிக்கும் திறன் உண்டு. அவற்றின் செல்லுலோசிலும் லிக்னினிலும் உள்ள ஹைட்ராக்சில், கார்பாக்சில் தொகுதிகள் உலோக அயனிகளைப் பற்றிக்கொண்டு, பதிலுக்கு ஹைட்ரஜன், கால்சியம் அயனிகளை விடுகின்றன. நீரில் அமிலம் மிகுந்தால் ஹைட்ரஜனே அந்த இடங்களை நிரப்பும், பிடிப்பு தளரும். இந்தப் பலவீனத்திலும் ஒரு பயன் உண்டு: நீர்த்த அமிலத்தால் கழுவி உலோகத்தை மீட்கலாம்.

அறக் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. உமி நஞ்சை இடம் மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான். உலோகம் ஏறிய உமியை ஏரிக்கரையில் கொட்டினால் மழை அதை மீண்டும் நீரில் சேர்க்கும். எரித்தால் சாம்பலில் செறியும். சடங்குத் தூய்மை நீராடியவரோடு நிறைவுபெறலாம். உலோகத்தை நீக்கும் தூய்மையிலோ கீழ்மடையில் குடிப்பவரும் மாடும் மீனும் பங்குதாரர்கள். மீட்ட உலோகத்தையும் தேய்ந்த உமியையும் கசிவில்லாத அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பும் ஏற்பாடு, உமி வடிகட்டியை வைக்கும் முன்பே வேண்டும்.